குழாய் முழுக்க அடைப்பு: ஒருவர் பைபாஸ் முடியாது என்கிறார், இன்னொருவர் முடியும் என்கிறார்

தேனி மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“அப்பாவுக்கு 58 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். 18 வருடமாக சுகர். பீடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. நாலைந்து மாதமாகக் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது, இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றார். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீரைக் குடித்தே ஓட்டிவிட்டார். போன மாதம் ஆஞ்சியோ செய்தோம். இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் ‘டிஃப்யூஸ்’ அடைப்பாம். பம்பிங் 35 சதவீதம், கிரியாட்டினின் 1.5. முதல் மருத்துவமனையில், ‘குழாய் நூல் மாதிரி இருக்கிறது, பைபாஸ் செய்ய முடியாது, மாத்திரைதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், ‘செய்யலாம், குழாயைச் சுரண்டி எடுக்க வேண்டிவரலாம், ரிஸ்க் ஐந்து ஆறு சதவீதம்’ என்கிறார்கள். துபாயில் இருக்கும் சித்தப்பா, ‘எதுக்கு நெஞ்சைப் பிளக்கணும், ஐந்தாறு ஸ்டென்ட் வைத்தால் முடிந்தது’ என்கிறார். டிரிப்ஸ் ஏற்றியே அடைப்பைக் கரைக்கலாம் என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. அப்பாவிடம் ‘லேசான அடைப்பு’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். இரண்டு டாக்டர்களில் ஒருவர் பொய் சொல்கிறார், யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்புறம், கடைக்குப் போகணும் என்று அப்பா அடம்பிடிக்கிறார். விடலாமா?”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான். ஒரே ஆஞ்சியோவைப் பார்த்து இரண்டு அறுவை மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இந்த நோயில் வாரா வாரம் நடக்கிற விஷயம். ‘முடியாது’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பதில்கள் ஒளிந்திருக்கும். புதுக் குழாயை இணைக்க உங்கள் அப்பாவின் குழாயில் நல்ல இடமே இல்லை என்பது ஒன்று. இடம் இருக்கிறது, ஆனால் இந்த பம்பிங்கோடும் (இதயம் ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு), கிரியாட்டினின் காட்டும் இந்தக் கிட்னியோடும் உடம்பு தாங்காது என்பது இன்னொன்று. இந்த மாதிரி வேலையை நாங்கள் அதிகம் செய்வதில்லை என்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதும் நேர்மையான பதில்தான். என்ன, அதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. முதல் மருத்துவமனையில் சொன்ன ‘முடியாது’ இந்த மூன்றில் எது என்று நீங்கள் கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்கலாம், தப்பில்லை.

‘டிஃப்யூஸ்’ என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தால் மரத்தைத் தாண்டிப் பக்கத்தில் ஒரு புது வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். சாதாரண பைபாஸ் அதுதான். உங்கள் அப்பாவுக்கு விழுந்து கிடக்கும் மரம் என்று ஒன்று இல்லை. தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் வாய்க்காலே தூர்ந்துபோயிருக்கிறது. புது வாய்க்காலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? சேர்த்தாலும் அதற்குக் கீழே தண்ணீர் ஓட வழி இருக்க வேண்டுமே! ஓட்டம் இல்லாத கிராஃப்ட், அதாவது நாங்கள் இணைக்கும் புதுக் குழாய், சில வாரங்களிலேயே ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும். பல வருட சுகர், கிட்னிக் கோளாறு, புகை மூன்றும் சேர்ந்தால் குழாய்கள் இப்படி ஆவது அதிகம். நம் ஊர்க்காரர்களுக்கு இளவயதிலேயே இது வருவதையும் பார்க்கிறோம்.

முன்பக்கக் குழாயில் இடம் இருக்கிறதா?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘பைபாஸ் செய்யலாமா, கூடாதா’ என்பதில்லை. இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் எல்.ஏ.டி. என்பார்கள். இடது இதயத் தசையில் கிட்டத்தட்டப் பாதிக்கு அதுதான் சோறு போடுகிறது. அந்தக் குழாயில், ஓரிடத்திலாவது, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு உள்வழி இருக்கிறதா? அதற்குக் கீழே இருக்கும் தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் ‘ஆமாம்’ என்றால் உங்கள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. மற்ற இரண்டு குழாய்களும் மோசமாக இருந்தாலும் சரி. முன்பக்கக் குழாய்க்கு எந்த வழியும் இல்லை என்றால், மற்றவற்றுக்கு மட்டும் மூன்று நான்கு கிராஃப்ட் போட்டு நெஞ்சைத் திறப்பதை நான் பெரும்பாலும் செய்யமாட்டேன்.

ஆஞ்சியோ இதில் நம்மை ஏமாற்றவும் செய்யும். மேலே குழாய் முழுக்க மூடியிருந்தால் நாம் செலுத்துகிற சாயம் கீழே போய்ச் சேராது. பக்கத்துக் குழாயின் கிளைகள் வழியாகக் கசிந்து வரும் கொஞ்ச சாயத்தில் கீழ்க்குழாய் நிழல் மாதிரித் தெரியும். ‘நூல் மாதிரி’ என்று சொல்லத் தோன்றும். நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேல் விரல் நுனியை வைத்து அந்தக் குழாயை நீளவாக்கில் தடவிப் பார்ப்போம். கல்லாகிப்போன பகுதி நன்றாக நெருடும், சுண்ணாம்பு படிந்த பழைய பிளாஸ்டிக் குழாயைப் பிடித்துப் பார்ப்பதுபோல. அதற்கு நடுவில் ஓரிடம் மெத்தென்று அமுங்கும். அங்கே கீறி, ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியை உள்ளே விட்டால் தடையில்லாமல் இறங்கும். அந்த நிமிடம் தியேட்டரில் இருக்கும் அத்தனை பேருக்கும் மூச்சு வரும்.

எதிர்மாறாகவும் நடக்கும். சில வருடம் முன்பு ஒரு பள்ளி ஆசிரியருக்குப் படத்தில் நல்ல இடமாகத் தெரிந்ததை நம்பி நெஞ்சைத் திறந்தேன். ஒரு மில்லிமீட்டர் கம்பிகூட இறங்கவில்லை. பின்பக்கக் குழாய்க்கு மட்டும் ஒரு கிராஃப்ட் போட்டுவிட்டு மூடினேன். அவர் மனைவியிடம் அன்று மாலை என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இரண்டாவது மருத்துவமனைக்காரர் ‘வேண்டிவரலாம்’ என்று இழுத்துச் சொல்லியிருக்கிறார். உங்களை மழுப்ப அப்படிச் சொல்லவில்லை. உள்ளே போகாமல் தெரியாத விஷயம் அது.

தசை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், தாலியம் ஸ்கேன், டோபுடமின் எக்கோ என்று சில சோதனைகள் உண்டு. ஒன்றைச் செய்துகொள்ளுங்கள் என்பேன். அதற்காக அந்த ஒரு காகிதத்தை வைத்தே முடிவெடுத்துவிடாதீர்கள். பம்பிங் குறைந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், யாருக்கு அறுவை சிகிச்சை பலன் தரும் என்பதை இந்தச் சோதனைகளால் எதிர்பார்த்த அளவு பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு ஷட்டர் தூக்கும்போது வலி வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போன தசைக்கு வலிக்காது. எனக்கு அதுவே ஒரு நல்ல தகவல்.

‘சுரண்டி எடுப்பது’ என்றால்

தூர்ந்த குழாயை வைத்துக்கொண்டு அறுவை மருத்துவர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறேன்.

மெத்தென்ற ஓரிடம் கிடைத்துவிட்டால் சாதாரண பைபாஸேதான். மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் தமனியை இறக்கி முன்பக்கக் குழாயில் இணைப்போம். நல்ல குழாயில் போட்டால் இந்த கிராஃப்ட் பத்து வருடம் கழித்தும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரை அவ்வளவு உழைக்காது. பத்து வருடத்தில் பாதிக்குப் பாதி போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் சாதாரண அடைப்புக்காரர்களுடையது. தூர்ந்த குழாயில் இதைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தில் இணைத்துப் பயனில்லை, குழாய் நெடுக விட்டு விட்டு அடைப்பு இருக்கிறது என்றால் குழாயை நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறித் திறப்போம். மார்புத் தமனியையும் அதே நீளத்துக்குத் திறந்து, கூரை வேய்வதுபோல மேலே வைத்துத் தைப்போம். கொழுப்புப் படிவு ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். வழியில் பிரியும் சிறு கிளைகளுக்கெல்லாம் ரத்தம் போகும். தலைமுடியைவிட மெல்லிய நூலில் போடும் தையல் இது. சாதாரண இணைப்பைவிடப் பல மடங்கு நீளம், நேரமும் அதிகம்.

உள்ளே வழியே இல்லை, முழுக்கக் கெட்டித்துப்போயிருக்கிறது என்றால் தூர்வாருவதுதான் வழி. உங்களிடம் சொன்ன ‘சுரண்டல்’ இது. எண்டார்டெரெக்டமி என்பது மருத்துவப் பெயர். இது புதிய சோதனை முயற்சி என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி இதை 1956-லேயே செய்துவிட்டார். காலில் இருந்து சிரை எடுத்து பைபாஸ் செய்யும் முறையை கிளீவ்லண்டில் ரெனே ஃபவலோரோ 1967-ல் தொடங்கினார். வயதில் அதற்கு அண்ணன் இது.

குழாயின் உட்சுவரோடு ஒட்டிக்கிடக்கும் படிவை மெல்ல விடுவித்து, ஒரு முனையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம். ஈர மண்ணில் கீரைச் செடியைப் பிடுங்கியிருக்கிறீர்களா? பதமாக இழுத்தால் ஆணிவேரும் பக்க வேர்களும் முழுசாக வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் பாதி அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும். இங்கேயும் அதேதான். வெளேரென்று, கிளை கிளையாக, நுனி மெலிந்து முழுசாக வந்தால் நிம்மதி. அறுந்தால் கீழே இன்னோர் இடத்தில் கீறித் தேட வேண்டும். அதற்காகவே சிலர் ஆரம்பத்திலேயே நீளமாகத் திறந்து கண்ணால் பார்த்து எடுக்கிறார்கள். நானும் முன்பக்கக் குழாயில் அப்படித்தான். மேலே நீளமாக ஒட்டுப்போட வேண்டியிருக்கும், போகட்டும். எதையும் உள்ளே விட்டுவிடவில்லை என்ற உறுதி இருக்கிறதே.

இதில் உள்ள சிக்கல், படிவோடு குழாயின் வழவழப்பான உள்தோலும் வந்துவிடுகிறது. புண்ணான அந்தப் பரப்பில் ரத்தம் சட்டென்று உறையும். அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள் மாரடைப்பு வரும் ஆபத்து சாதாரண பைபாஸைவிட இதில் கூடுதல். அதனால்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல்லும் மாதக்கணக்கில் கொடுக்கிறோம். சிலர் முதல் சில மாதம் வார்ஃபரினும் சேர்க்கிறார்கள். அந்த மாத்திரைகளை ஒருநாள்கூட விடாமல் போடுவாரா உங்கள் அப்பா? மளிகைக் கடைக்காரர்கள் பலர் மதியச் சாப்பாட்டையே நாலு மணிக்குச் சாப்பிடுபவர்கள். நிஜமாகவே கேட்கிறேன், இதை வீட்டில் பேசி வையுங்கள்.

இரண்டாவது மருத்துவமனையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், டாக்டர்?” கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்பவரிடம் செய்துகொள்ளலாம்.

ஐந்து ஆறு சதவீதம்

இதை நீங்கள் ‘95 சதவீதம் குணமாகிவிடும்’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அந்த எண் பெரும்பாலும் உயிர் ஆபத்தை மட்டும் குறிக்கும். மருத்துவமனையிலோ முதல் 30 நாட்களிலோ இறந்துபோகும் வாய்ப்பு. பக்கவாதம், கிட்னி மோசமாகி டயாலிசிஸ் தேவைப்படுவது, சுகர்காரர்களுக்கு நெஞ்செலும்புப் புண் ஆறாமல் போவது எல்லாம் தனிக் கணக்கு. கிரியாட்டினின் 1.5 என்பதால் கிட்னி பற்றி அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். உயிர் பிழைத்தும் வலி முழுக்கப் போகாமல் இருப்பதும் உண்டு.

மறுபக்கத் தட்டையும் பார்க்க வேண்டும். பம்பிங் 35-ம் அதற்குக் கீழும் உள்ள 1,212 பேரை வைத்து ‘ஸ்டிச்’ என்ற ஆய்வு நடந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பத்து வருடத்தில் 66 சதவீதம் பேர் இறந்தார்கள். பைபாஸும் செய்துகொண்டவர்களில் 59 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆரம்பத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் பக்கம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. சுமார் இரண்டு வருடத்துக்குப் பிறகே கணக்கு மாறியது. இன்றைக்கு முன்பணம் கட்டி வருங்காலத்தை வாங்குகிற வியாபாரம் இது. 58 வயதுக்காரருக்கு அது கட்டுப்படியாகலாம். 78 வயதென்றால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாருமே பைபாஸ் செய்யத் தோதான குழாய் உள்ளவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சித்தப்பாவுக்கு

சித்தப்பாவின் ஆசை புரிகிறது. நெஞ்சைப் பிளக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் ஸ்டென்ட் வைக்க அதற்கு மேலேயும் கீழேயும் ஓரளவு நல்ல குழாய் வேண்டும். தூர்ந்த குழாயில் ஒன்றோடொன்று கோத்து ஆறேழு சென்டிமீட்டருக்கு இரும்பு வலையால் சட்டை போட்டுவிட்டால், நாளைக்கு கிராஃப்ட் போடக் கிடைக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். மெலிந்த குழாயும் சுகரும் சேர்ந்தால் ஸ்டென்ட் திரும்ப அடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

சுகர் உள்ள, பல குழாய் அடைப்புக்காரர்கள் 1,900 பேரிடம் நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012-ல் வெளியானது. ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் அதிகம்: அங்கே 5.2 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 2.4. பம்பிங் குறைந்தவர்களுக்கு ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பிரிட்டனில் ‘ரிவைவ்ட்’ என்ற ஆய்வில் பார்த்தார்கள். 2022-ல் வந்த பதில்: இல்லை. முன்பக்கக் குழாய்க்கு மார்புத் தமனி, இன்னொரு குழாயில் குறுகிய அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் என்று இரண்டையும் கலந்து செய்வது உண்டு. அதை உங்கள் டாக்டர்கள் சொன்னால் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். நாட்டின் முதல் பைபாஸை 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான்.

டிரிப்ஸும் மற்றதும்

வாட்ஸ்அப்பில் வந்தது ‘கீலேஷன்’ என்ற டிரிப்ஸ் சிகிச்சை. சுகரும் பழைய மாரடைப்பும் உள்ள ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்த ‘டாக்ட்-2’ ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. பலன் இல்லை. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கிட்னிக்கு அந்த டிரிப்ஸ் கூடுதல் சுமை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

காலில் பட்டை கட்டி அமுக்கும் இ.இ.சி.பி.யை ‘இயற்கை பைபாஸ்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தினம் ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம். வலியைக் குறைக்க உதவும். அடைப்பைக் கரைக்காது. அறுவை சிகிச்சைக்கு வழியே இல்லை என்று முடிவான பிறகு, வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் யோசிக்கலாம். இதயத் தசையில் லேசரால் துளை போடும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது, பெரிதாகப் பேசப்பட்டது. ஆயுளைக் கூட்டவில்லை. இப்போது யாரும் அதிகம் செய்வதில்லை, நீங்களும் தேட வேண்டாம். மாற்று இதயம் என்ற பேச்சு இன்றைக்கு அவசியமில்லை; பம்பிங் இன்னும் இறங்கி, படுத்தால் மூச்சு வாங்கும் நிலை வந்தால் பார்க்கலாம்.

‘மாத்திரைதான்’

இதைக் கேட்டு, கைவிட்டுவிட்டார்கள் என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்பாவின் ஆயுளில் பெரும்பங்கு அந்த மாத்திரைகளில்தான் இருக்கிறது. தூர்ந்த வாய்க்காலை ஒருமுறை வாரிவிட்டு, மேலிருந்து வண்டல் வருவதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 55-க்குக் கீழே வர வேண்டும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 118 இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ 10 மில்லிகிராம்தான். இதை உங்கள் இதய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம். பம்பிங் குறைந்தவர்களுக்கென்று நான்கு வகை மாத்திரைகள் உண்டு. அவற்றில் எவை அப்பாவுக்குத் தொடங்கியிருக்கிறது, எவை கிட்னி காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை என்று முடிவானால், குளோபிடோகிரெல்லை ஐந்து நாள் முன்பும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரையை மூன்று நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நாளில் மட்டும். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

நெஞ்சு அப்பாவுடையது

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இது ஒன்றுதான். அவர் பயந்துவிடுவார் என்று மறைக்கிறீர்கள். நாலு மாதமாக நெஞ்சில் கல்லைச் சுமக்கிறவருக்கு, லேசான அடைப்பில்லை என்பது தெரியாமலா இருக்கும்? பாசம் புரிகிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்ய அவர் சம்மதம்தான் வேண்டும், மகளுடையதோ தம்பியுடையதோ போதாது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று சொல்லி வாங்கியதே சம்மதம் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. தியேட்டருக்குப் போகும் காலையில் நர்ஸ் நீட்டும் படிவத்தில்தான் ‘எண்டார்டெரெக்டமி’ என்ற சொல்லை அவர் முதன்முதலாகப் பார்க்க வேண்டுமா?

மூன்றாவதாக ஒரு கருத்தும் கேளுங்கள். ரிப்போர்ட்டின் போட்டோ போதாது; ஆஞ்சியோ படம் ஓடும் சி.டி. வேண்டும். நானே இந்தப் போட்டோவை வைத்து ‘செய்யலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. புது எக்கோ, மூன்று மாத சுகர் சராசரி, பீடி குடித்தவர் என்பதால் நுரையீரல் சோதனை, கழுத்துக் குழாய் ஸ்கேன் இவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதய அறுவைப் பிரிவு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. பைபாஸும் அதில் சேரும். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அப்பாவையும் உள்ளே அழைத்துப்போய் முன்நாற்காலியில் உட்கார வையுங்கள்.

கடைக்கு விடலாமா என்று கேட்டீர்கள். வலி ஷட்டர் தூக்கும்போது மட்டும்தான் என்றால், உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடலாம். ஷட்டரைக் கடைப் பையன் தூக்கட்டும், அரிசி மூட்டையைத் தொடவே கூடாது. கல்லாவில் உட்காரலாம். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்று சட்டைப் பையில் இருக்க வேண்டும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழுவார். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ 108. ஓமத் தண்ணீர் இல்லை.